கோவளத்தில் கோடைக் காலை சர்ஃபிங்: நண்பர்களோடு இறங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சித்திரை, வைகாசி மாதங்களில் சென்னைக்குத் தெற்கே கோவளம் கடலில் விடிந்ததும் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கரையேறும் ஒரு காலையை முதலிலிருந்து கடைசி வரை எப்படி நடத்துவது என்று இதில் எழுதியிருக்கிறேன். ஒன்றிரண்டு வகுப்பு முடித்துவிட்டு, இனி நண்பர்களோடு போகலாம் என்று நினைப்பவர்களுக்கானது இது. ஒரு தடவைகூட சர்ஃப் போர்டில் (அலைச்சறுக்குப் பலகையில்) படுக்காதவர் என்றால், முதல் நாள் கோவளத்துப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் ஆசிரியரோடு இறங்குங்கள். அதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவதைப் பல கோடைகளாகப் பார்த்து வருகிறேன். பெரும்பாலான தடுமாற்றம் கரையிலேயே தொடங்கிவிடுகிறது. கடலைக் கண்டதும் செருப்பை உதறிவிட்டு ஓடிப்போய் இறங்குகிறார்கள். கரையில் செய்ய வேண்டியது அத்தனையும் அப்படியே நின்றுவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி மணலில்தான் நடக்கும்.

1. நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

கோடையில் நமக்குக் கிடைப்பது காலை 6 மணியிலிருந்து 8.30 வரை. இரவெல்லாம் தரை குளிர்வதால் விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். அது வரும் அலையின் முகத்தில் மோதி, சட்டென்று கவிழ்ந்துவிடாமல் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். கடல் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். தரை சூடானதும் காற்று திசை மாறி, கடற்காற்றாகக் கரைக்கு வரும். அப்போது அலை குண்டும் குழியுமாகிவிடும், எதைப் பிடிப்பது என்றே புரியாது.

காற்று மாறுவது பெரும்பாலும் முற்பகலுக்கு மேல்தான். ஆனால் அக்னி நட்சத்திர நாட்களில் அதற்கு முன்பே வெயில் நம்மை வெளியே தள்ளிவிடும். மே மாதத்தில் சூரியன் ஏறத்தாழ 5.45க்கு உதிக்கிறது. 6 மணிக்குத் தண்ணீரில் இருக்க வேண்டுமென்றால் 5.20க்காவது கரையில் இருக்க வேண்டும். திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த நேரத்தில் முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் தாராளம். ஆக, வீட்டிலிருந்து 4.30க்குக் கிளம்ப வேண்டும். பையை முந்தின இரவே கட்டி வாசலில் வைத்துவிடுங்கள்.

2. முந்தின நாள் மாலை கடல் நிலவரம் பாருங்கள்

அலை முன்னறிவிப்பில் எல்லோரும் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியமானது, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை விநாடி என்பது. 1 மீட்டர் அலை 6 விநாடிக்கு ஒன்று வந்தால் அது பக்கத்தில் வீசிய காற்று கிளப்பிய அலை. வலு குறைவு, நெருக்கடி அதிகம். அதே 1 மீட்டர் 12 விநாடிக்கு ஒன்று வந்தால், தொலைதூரத் தென் இந்தியப் பெருங்கடலில் புயல் கிளப்பி, நாள்கணக்கில் பயணம் செய்து வந்த அலை. கரையை நெருங்கும்போது எண்ணில் தெரிவதைவிடப் பெரிதாக எழும்பும். புதியவர்களுக்கு அரை மீட்டரிலிருந்து முக்கால் மீட்டர் வரை போதும்.

இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையத்தின் எச்சரிக்கையையும் கட்டாயம் பாருங்கள். ‘கள்ளக்கடல்’ என்று அவர்கள் அறிவித்தால் பேச்சே வேண்டாம், வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது, திடீரென்று கடல் ஏறும். வானம் தெளிவாக இருக்கிறதே என்று கிளம்பக் கூடாது என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. பெரும்பாலும் சித்திரை, வைகாசியில்தான் இந்த எச்சரிக்கைகள் வருகின்றன.

3. நான்கு பேர், இரண்டு போர்டு

ஆளுக்கொரு போர்டு எடுப்பதுதான் நண்பர்கள் கூட்டம் செய்யும் முதல் தவறு. அப்படி எடுத்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இருப்பார்கள், யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். நான்கு பேருக்கு இரண்டு போர்டு என்றால் ஒருவர் அலையில் இருக்கும்போது அவருடைய ஜோடி கரையில் நிற்பார். செலவும் பாதியாகும், களைப்பும் குறையும்.

வருகிற ஒவ்வொருவருக்கும் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். “இடுப்பளவு தண்ணீர்தானே, போர்டு மிதக்குமே” என்பது பேச்சுக்கு சரி. போர்டைக் காலோடு இணைக்கும் கயிறான லீஷ் அறுந்தால் போர்டு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். நீச்சல் தெரியாத நண்பர் வந்தே தீருவேன் என்றால் தாராளமாக வரட்டும், கரையிலிருந்து பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. முந்தின இரவு குடித்தவரை இறங்க விடாதீர்கள். இதில் நட்புக்காக விட்டுக்கொடுக்க வேண்டாம்.

4. பையில் என்னென்ன

போர்டை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். 8 அல்லது 9 அடி நீளமுள்ள, மேலே மெத்தென்று இருக்கும் ஃபோம் போர்டாகக் கேளுங்கள். சின்ன போர்டு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நீளமும் தடிமனும் இருந்தால்தான் அலை உங்களைச் சீக்கிரம் தூக்கும். தலையில் பட்டாலும் காயம் குறைவு.

முழுக்கை லைக்ரா பனியன் அவசியம். தண்ணீர் 28, 29 டிகிரியில் இருப்பதால் குளிருக்காக எதுவும் தேவையில்லை. போர்டில் படுத்துப் படுத்து எழும்போது மணலும் உப்பும் சேர்ந்து வயிற்றை உரசும், அதற்காகத்தான். நான் முதல் வருடம் வெறும் உடம்போடு இறங்கி, அன்று இரவு பனியன்கூடப் போட முடியாமல் படுத்திருந்தேன். பருத்தி டீ-ஷர்ட்டும் சரிப்படாது. நனைந்து கனத்துத் தோளை இழுக்கும், அக்குளை அறுக்கும்.

சன்ஸ்கிரீனை வீட்டிலேயே பூசிக்கொள்ளுங்கள். தோலில் ஒட்ட இருபது நிமிடமாவது வேண்டும். கரையில் பூசினால் அந்தக் கையோடு போர்டைத் தொடுவீர்கள், வழுக்கும். காதின் மேல்நுனி, பின்கழுத்து, முழங்காலின் பின்பக்கம், இந்த மூன்றையும் எல்லோரும் மறக்கிறார்கள். படுத்தபடி கைகளாலேயே துடுப்பு போடுவதால் முழங்காலின் பின்பக்கத்தில்தான் வெயில் நேராக விழும்.

அப்புறம் ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், இரண்டு வாழைப்பழம், பழைய பெட்ஷீட் ஒன்று, கரையில் நிற்பவருக்கு ஒரு தொப்பி. இட்லியைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். நிரம்பிய வயிற்றை போர்டில் அழுத்திப் படுத்தால் பத்தாவது நிமிடம் குமட்டும்.

5. பதினைந்து நிமிடம் மணலில் உட்காருங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம். போர்டைக் கீழே வைத்துவிட்டு, நான்கு பேரும் கடலைப் பார்த்து உட்காருங்கள். கையில் போன் வேண்டாம்.

முதலில் அலைகளை எண்ணுங்கள். அலை ஒரே சீராக வராது. சின்னச் சின்னதாகச் சில நிமிடம் வரும், அப்புறம் மூன்று நான்கு பெரியது சேர்ந்து வரும், மறுபடி ஓயும். அந்தப் பெரிய கூட்டத்தைத்தான் ‘செட்’ என்பது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ‘சின்னதுதான்’ என்று இறங்குபவர்கள், உள்ளே போய் நின்றதும் செட்டில் மாட்டுகிறார்கள். இரண்டு செட்டாவது கண்ணால் பார்த்த பிறகே எழுந்திருங்கள். எங்கே உடைகிறது, உடைந்த நுரை எவ்வளவு தூரம் கரைக்கு வருகிறது என்பதும் அப்போது பிடிபடும்.

இரண்டாவது, அலை உடையாத இடத்தைத் தேடுங்கள். இரண்டு பக்கமும் வெள்ளை நுரை பொங்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாக அல்லது கருத்து, நுரைத் துணுக்குகள் கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தால் அதுதான் வெளியிழுப்பு நீரோட்டம். கரையில் குவிந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் திரும்பிப் போகிறது. புதிதாக வருகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் ‘இங்கே அலை கம்மி, இங்கே இறங்கலாம்’ என்று சரியாக அந்த இடத்தைத்தான் காட்டுவார்கள். அங்கே மட்டும் வேண்டாம்.

மூன்றாவது, தண்ணீர் பக்கவாட்டில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். கோடையில் அலை தெற்கிலிருந்து சாய்வாக வருவதால், கரையோர நீரோட்டம் பெரும்பாலும் வடக்கே போகும். இந்தத் தெற்கு வடக்கு ஓட்டத்தைச் சென்னைக் கரை மீனவர்கள் தெண்டி என்பார்கள். நீங்கள் அதை உணரவே மாட்டீர்கள். அரை மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் பை வைத்த இடம் எங்கோ இருக்கும். கோவளத்துக்கு வடக்கே முட்டுக்காடு காயல் கடலில் சேரும் முகத்துவாரம் இருக்கிறது. நீர் வற்றும் நேரத்தில் அது வெளியே இழுக்கும். அதனால் கரையில் அசையாத இரண்டு பொருளை அடையாளம் வையுங்கள், ஒரு கட்டடம், ஒரு மரம் என்று. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருப்போம் என்று நால்வரும் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, படகுகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகே வராது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தத் தடை விசைப்படகுகளுக்கு. ஃபைபர் படகுகள் தடைக்காலத்திலும் போகும், நீங்கள் இறங்கும் அதே காலை நேரத்தில் அலையின் மேல் ஏறி வேகமாகக் கரைக்கு வரும். அந்தப் படகுகளால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. மணலில் படகு இழுத்த தடங்கள் எங்கே இருக்கின்றனவோ, அதற்கு நேரே தண்ணீரில் இருக்காதீர்கள். கல் கொட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

கடைசியாக, வலை பிரித்துக்கொண்டிருக்கும் யாரிடமாவது ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு வைகாசிக் காலை நான் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டோம் என்று எழுந்தபோது, நைலான் நூலைப் பல்லில் கடித்தபடி ஒரு பெரியவர் தலையைக்கூடத் தூக்காமல், “தம்பி, அந்தாண்ட போவாத, வல கெடக்குது” என்றார். அவர் காட்டிய திசையில் நாலைந்து மிதவைகள் தண்ணீரோடு தண்ணீராக ஆடிக்கொண்டிருந்தன. கால் மணி நேரம் பார்த்தும் என் கண்ணில் அவை படவில்லை. அன்றிலிருந்து கேட்காமல் இறங்கியதில்லை.

6. மணலில் ஒத்திகை

லீஷ் பின்னங்காலில் கட்ட வேண்டியது. எது பின்னங்கால் என்று தெரியாவிட்டால், கண்ணை மூடி நின்று, நண்பரைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். விழாமல் இருக்க எந்தக் கால் முன்னே போகிறதோ அது முன்னங்கால். கணுக்காலில் கட்டும்போது கயிறு வெளிப்பக்கமாக, பின்னோக்கி இருக்கட்டும். உள்பக்கம் இருந்தால் எழும்போது காலில் சிக்கும். வெல்க்ரோவில் மணல் இருந்தால் தட்டிவிடுங்கள், இல்லையென்றால் பிடிக்காது.

போர்டை மணலில் வைப்பதற்கு முன், அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகளான ஃபின்கள் இறங்குவதற்கு ஒரு சின்னப் பள்ளம் தோண்டுங்கள். அதைச் செய்யாமல் மேலே ஏறிக் குதித்து ஃபின்னை உடைப்பது வாடிக்கையாக நடக்கிறது.

இப்போது படுங்கள். கால் விரல்கள் போர்டின் பின்நுனியை ஒட்டி இருக்க வேண்டும், மார்பு கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். கைகளை விலா எலும்புக்குப் பக்கத்தில் தட்டையாக ஊன்றி, ஒரே அசைவில் எழுந்து நில்லுங்கள். போர்டின் ஓரங்களைப் பிடித்து எழுந்தால் போர்டே சாயும். முதலில் முழங்காலிட்டு அப்புறம் எழலாம் என்ற பழக்கம் வேண்டவே வேண்டாம். முழங்காலில் நிற்பவர் அங்கேயே நின்றுவிடுவார், அதை மாற்ற ஒரு பருவம் போகும். பத்துத் தடவை எழுந்து பழகுங்கள். தோளும் இடுப்பும் அதிலேயே சூடாகிவிடும்.

7. இறங்கும்போது போர்டு எங்கே இருக்க வேண்டும்

உங்களுக்குப் பக்கத்தில். உங்களுக்கும் அலைக்கும் நடுவில் ஒருபோதும் இருக்கக் கூடாது.

என் நண்பன் ஒருவன் போர்டைக் குறுக்காக, இரண்டு கையாலும் தாம்பாளம் ஏந்துவதுபோல் முன்னால் பிடித்துக்கொண்டு இறங்கினான். வந்தது முட்டியளவு நுரைதான். போர்டின் முழு நீளத்தையும் அது தள்ளியது. ஓரம் அவன் உதட்டில் அடித்தது. முன்பல்லில் ஒரு கீற்று இன்றைக்கும் இருக்கிறது. போர்டின் மூக்கு அலையைப் பார்த்தபடி இருந்திருந்தால் அந்த நுரை அடியில் வழுக்கிப் போயிருக்கும்.

இடுப்புப் பக்கத்தில் போர்டை வைத்து, மூக்கைக் கடல் பக்கம் காட்டி, நுரை வரும்போது லேசாகத் தூக்கிவிட்டபடி நடங்கள். கால்களைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே போனால், அடியில் திருக்கை கிடந்தாலும் விலகிப் போய்விடும். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் நில்லுங்கள். முதல் சில நாட்கள் உங்கள் எல்லை அதுதான்.

8. நுரை அலையில் எழுந்து நிற்பது

உடைந்து, வெள்ளை நுரையாக வரும் அலையை மட்டும் எடுங்கள். இன்னும் உடையாத பச்சை அலை அழகுதான், அதற்கு நேரம் வரும். நுரை உங்களிடமிருந்து ஐந்தாறு மீட்டரில் இருக்கும்போது போர்டைக் கரைப் பக்கம் திருப்பி, படுத்து, துடுப்பு போடத் தொடங்குங்கள். நுரை வந்து முட்டிய பிறகு படுத்தால் உருட்டிவிடும்.

பின்னால் தள்ளுவதை உணர்ந்ததும் எல்லோரும் உடனே எழுகிறார்கள். அங்கேதான் தவறு. தள்ளியதும் இன்னும் இரண்டு துடுப்பு போடுங்கள். போர்டு அலையின் வேகத்துக்கு வந்து, தானாகச் சறுக்கத் தொடங்கிய பிறகுதான் அது அசையாமல் இருக்கும். ஓடத் தொடங்காத சைக்கிளில் ஏறி நிற்க முடியாது அல்லவா, அப்படித்தான்.

போர்டின் மூக்கு தண்ணீரில் குத்துகிறதென்றால் நீங்கள் முன்னால் படுத்திருக்கிறீர்கள். அலை உங்களை விட்டுவிட்டுப் போகிறதென்றால் பின்னால் படுத்திருக்கிறீர்கள். ஒரு கையளவு நகர்ந்தால் போதும். முதல் பத்து அலையை எழாமலே, படுத்தபடியே கரை வரை ஓட்டுங்கள். எங்கே படுக்க வேண்டும் என்பது உடம்புக்கே தெரிந்துவிடும்.

எழுந்ததும் கண் கரையில் அடையாளம் வைத்த மரத்தில் இருக்கட்டும். காலைக் குனிந்து பார்த்தால் தலை போகும் பக்கம் உடம்பும் போகும். முழங்காலை மடியுங்கள், முதுகை மடிக்காதீர்கள்.

9. விழுவதற்கும் முறை உண்டு

தட்டையாக, பக்கவாட்டில் அல்லது பின்பக்கம் விழுங்கள். தலைகீழாகப் பாயாதீர்கள், இடுப்பளவு தண்ணீருக்கு அடியில் கெட்டி மணல் இருக்கிறது. தண்ணீருக்குள் போனதும் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, ஒரு நொடி பொறுத்து மேலே வாருங்கள். போர்டு லீஷில் இழுபட்டுத் திரும்பி வரும் நேரம் அது. லீஷை விரலில் சுற்றி இழுக்காதீர்கள். அலை போர்டை வெடுக்கென்று இழுத்தால் விரல் போய்விடும்.

10. யாருடைய அலை

அலை முதலில் உடையும் இடத்துக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ அவருக்கே அந்த அலை. அவர் எழுந்துவிட்டால் நீங்கள் நிறுத்திவிடுங்கள். உள்ளே போகும்போது சறுக்கி வருபவரின் பாதையைச் சுற்றிப் போங்கள். பெரிய அலை வருகிறதென்று பயந்து போர்டைக் கைவிடாதீர்கள். போர்டும் லீஷும் சேர்ந்தால் உங்களைச் சுற்றி ஐந்தாறு மீட்டர் ஆபத்து வட்டம். நண்பர்கள் ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவராக நின்று பேசிக்கொண்டிருப்பதும் இதனால்தான் கூடாது.

11. இருபது நிமிடத்துக்கு ஒரு மாற்றம்

இருபது நிமிடம் ஆனதும் ஜோடி மாறட்டும். அதற்குள் தோள் கனக்கத் தொடங்கும். களைத்த தோளோடு எழ முயன்றால் தவறான பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். கரையில் நிற்பவர் சும்மா நிற்கவில்லை. கோவளம் கிழக்கு பார்த்த கரை, 6.30 மணிச் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும், தண்ணீர் முழுக்க வெள்ளியாக மின்னும். அந்த மினுக்கத்தில் ஒரு தலை காணாமல் போவது சுலபம். தொப்பி அவருக்காகத்தான். அடையாளத்தைத் தாண்டி ஜோடி நகர்ந்தால் கையை ஆட்டித் தெற்கே வரச் சொல்ல வேண்டும். கூப்பிட்டால் காதில் விழாது, கைஜாடையை முன்பே பேசி வையுங்கள்.

நீரோட்டம் வெளியே இழுத்தால் போர்டை விடாதீர்கள். கரையை நோக்கி எதிர்த்துத் துடுப்பு போடாதீர்கள், அது தோளைத் தீர்த்துவிடும். கரைக்கு இணையாக, நுரை உடையும் பக்கம் போய், அந்த நுரையோடு படுத்தபடி வாருங்கள். முடியவில்லை என்றால் போர்டில் படுத்து ஒரு கையைத் தூக்குங்கள்.

சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் கடல் தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீரும் வேண்டாம், மணலால் தேய்ப்பதும் வேண்டாம். இரண்டுமே ஒட்டியிருக்கும் கொடுக்குகளைத் தூண்டிவிடும். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே 108.

12. 8.15க்குக் கடைசி அலை

“இன்னும் ஒன்றே ஒன்று” என்று சொல்லிப் போகும் அலையில்தான் அடிபடுகிறார்கள். கால் சொன்ன பேச்சைக் கேட்காத நேரம் அது. 8.15 ஆனதும், கடைசி நுரையில் படுத்தபடியே கரைக்கு வந்துவிடுங்கள். முட்டியளவு தண்ணீரில் இறங்குங்கள், இன்னும் வந்தால் ஃபின் மணலில் குத்தும்.

தண்ணீரில் இருந்ததால் வியர்த்தது தெரிந்திருக்காது. தாகம் எடுக்கிறதோ இல்லையோ, உட்கார்ந்ததும் அரை லிட்டர் குடியுங்கள். அப்புறம்தான் போட்டோ. திரும்பும் வழியில் சாலையோரம் நுங்கு கிடைக்கும், இரண்டு சுளைக்குக் கண் எரிச்சல்கூடக் குறைந்ததுபோல் இருக்கும்.

போர்டை வெயிலில் விடாதீர்கள். கால் வழுக்காமலிருக்க மேலே பூசும் மெழுகான வாக்ஸ் உருகி வழிந்து மணலோடு ஒட்டினால் சுரண்ட ஒரு மணி நேரம் ஆகும். சொந்த போர்டு என்றால் நல்ல தண்ணீரில் கழுவி, பெட்ஷீட்டில் சுற்றி, நிழலில் வையுங்கள். கண்ணாடி ஏற்றிய காருக்குள் போட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போனால், சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மேல்தோல் குமிழ் குமிழாக எழும்பிவிடும். லீஷை மடித்து இறுக்கிக் கட்டாமல், நீளமாகத் தொங்கவிடுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில்தான் அடுத்த தடவை அறும்.